நடுவர் வீட்டுக் காபி

இருபது வருஷமாக மேடையில் பேசுகிறேன் என்றதும் பெரிய பேச்சாளி என்று நினைத்துவிட வேண்டாம். பகலெல்லாம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற பொம்பளை நான். சனி, ஞாயிறுகளில் கோயில் திருவிழா, குடியிருப்போர் சங்க ஆண்டு விழா என்று யாராவது கூப்பிட்டால் பட்டிமன்றத்தில் போய்ப் பேசுவேன். மாமியாரா மருமகளா, பணமா பாசமா என்று எத்தனை தலைப்பில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அதில் ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நாலு பேர் கைதட்டினால் ஒரு வாரத்துக்கு ஆபீஸ் எரிச்சல் தெரியாது. போன வருஷம் முதலியார்பேட்டையில் பேசிய பட்டிமன்றத்துக்கு அப்புறம் மைக்கைக் கையில் வாங்கவே பிடிக்கவில்லை.

அன்றைய தலைப்பு இது: அமெரிக்காவில் இனவெறி ஒழியாமல் இருக்கக் காரணம் சட்டமா, மனமா? எங்கள் ஊர் ஆண்டு விழாவில் அமெரிக்கா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எங்களுடையது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்; அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவிலோ பிரான்சிலோ இருக்கிறது. அமெரிக்கா என்று சொன்னால்தான் கூட்டம் வரும் என்று சங்கத்துக்காரர்கள் நம்பினார்கள். அதைவிட முக்கியமான காரணம் எங்கள் நடுவர்.

நடுவர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் அவனைப் பார்த்து, உன் நாட்டுக்கே போடா என்று சொல்லி அவன் கார்மேல் துப்பிவிட்டுப் போயிருக்கிறான். பின்சீட்டில் பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்ததாம். இதை முதல் ஒத்திகையன்று அவர் எங்களிடம் சொன்னபோது அழுதேவிட்டார். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. எனக்கே ரத்தம் கொதித்தது. நம் தோலைப் பார்த்துத் துப்புவதற்கு அவன் யார்?

பட்டிமன்றம் மேடையில் தானாகப் பொங்கி வருகிற விஷயம் என்று கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். எல்லாம் பேசிவைத்துக்கொண்டு வருவதுதான். யார் எதைச் சொல்வது, எங்கே கூட்டம் சிரிக்க வேண்டும், நடுவரை எந்த இடத்தில் கிண்டல் செய்வது, அதற்கு அவர் என்ன பதில் சொல்லி இன்னும் பெரிய சிரிப்பு வாங்குவது என்று ஒவ்வொன்றும் ஒத்திகையில் முடிவாகிவிடும். நடுவரைக் கிண்டல் செய்யாத பட்டிமன்றம் கிடையாது. அதனால் மேடையில் அவரை என்ன சொன்னாலும் ஜனம் சிரிக்கும்.

ஒத்திகை நடுவர் வீட்டில்தான். அவரும் மனைவியும் மாடியில் இருந்தார்கள். கீழ் போர்ஷன் காலியாகி, வாசல் கேட்டில் வாடகைக்கு என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அணிக்கு இரண்டு பேர். என்னைச் சட்டம் அணியில் போட்டார்கள். மனம் அணியில் கடைசியாகப் பேச ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை. கல்லூரியில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவள். அலட்டல் இல்லாமல், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அமெரிக்காவில் கறுப்பர்களை எப்படி நடத்தினார்கள் என்று நிறையப் படித்துவிட்டு வந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் சரக்கிலிருந்துதான் அள்ளிக்கொண்டோம். நடுவருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. இந்தப் பொண்ணு எங்கியோ போவப் போவுது பாருங்க என்று என்னிடமே சொன்னார்.

பேச்சுவாக்கில் அவள் வீட்டு நிலைமை தெரிந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சேதராப்பட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். போகும்போதாவது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அந்த அம்மா துவண்டு, பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே போவார்களாம். டவுனுக்குள் படி ஏறாத ஒரு வீடு கிடைத்துவிட்டால் போதும் என்று அவள் மாசக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தாள். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இல்லாவிட்டால் நானே கூட்டிவந்து வைத்திருப்பேன்.

நடுவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"ஏம்மா அலையற? கீழ் போர்ஷன் சும்மாதான் கெடக்குது. ஆஸ்பத்திரி ஆட்டோவுல அஞ்சு நிமிஷம். அம்மாவ கூட்டிட்டு வந்துடு."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நடுவர் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்தோம். நல்ல டிகாக்‌ஷன், கும்மென்று மணம். மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நானும் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது நடுவரின் மனைவி படி வரைக்கும் வந்தார். சிரித்த முகம், மெதுவான குரல். அந்தப் பெண்ணிடம், எந்த ஊரும்மா என்றார். சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டால் அது வெறும் விசாரிப்பு. எந்தப் பக்கம் என்று கேட்டால் ஜாதியைக் கேட்கிறார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவள் கண்ணைப் பார்த்து, காலனிதாம்மா என்றாள். ஓ, அப்படியா என்று அதே சிரிப்போடு அந்த அம்மா உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் காபி வந்தது. தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள், ஓரத்தில் ஒரே ஒரு பேப்பர் கப். அந்தக் கப்பை எடுத்து அந்த அம்மா தன் கையாலேயே அவளிடம் நீட்டினார். எங்களுக்கெல்லாம் தட்டை நீட்டினார், நாங்கள் எடுத்துக்கொண்டோம். டம்ளர் ஒன்று குறைந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கே குறைந்தது? தட்டில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நடுவர் எதைப் பேசிக்கொண்டிருந்தார் தெரியுமா? தண்ணீர்க் குழாய். அமெரிக்காவில் வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்குத் தனிக் குழாய் என்று போர்டு எழுதி வைத்திருந்தார்களே, அது. அந்த விஷயத்தையே அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுத்தது. அவர் டம்ளரைக் கையில் ஆட்டிக்கொண்டு, குடிக்கிற தண்ணியில கூட பிரிச்சானே, இவன்லாம் மனுஷனா என்று ஆவேசப்பட்டார். அவருக்கு எதிரே பேப்பர் கப்பைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் பேசினார். கருமம், நான் டம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதாக்கா? போன வாரம் டம்ளரு, இந்த வாரம் கப்பு. உடுங்க, எனக்கு இது பழக்கம்தான். எங்கம்மாவுக்கு வீட்ட குடுத்துட்டா போதும். நீங்க சண்ட கிண்ட போட்டுறாதீங்க."

வீட்டுக்காக அவள் அந்தக் கப்பை முழுங்கிக்கொண்டாள். அவளே பொறுத்துக்கொள்ளும்போது நான் என்ன பேசுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசி ஒத்திகைக்குப் போனபோது வீட்டு விஷயம் நழுவ ஆரம்பித்திருந்தது. எப்போது அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று அவள் கேட்டதற்கு, பெயின்ட் வேலை இருக்கிறதும்மா என்றார் நடுவர். கொஞ்ச நேரம் கழித்து, மகன் லீவில் வருவான், கீழேதான் தங்குவான் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு புரோக்கர் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். கீழ் போர்ஷனைப் பார்க்க வேண்டுமாம். நடுவரின் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவிலேயே நடந்து போனார். அந்தப் பெண் தன் பேச்சை எழுதிவைத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அவளுக்குப் பேப்பர் கப்தான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டிவிட்டு அந்த அம்மா மேலே வந்ததும், எனக்கும் பேப்பர் கப்பிலேயே காபி கொடுங்கள் என்றேன்.

"ஐயே, உங்களுக்கு எதுக்கு அது?" என்றார். நிஜமாகவே பதறிவிட்டார்.

அதில் வன்மம் துளிகூட இல்லை. அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. என்னை மரியாதையாக நடத்துவதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு மட்டும் அந்தக் கப் எதற்காக என்பதை அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே தெரியவில்லை.

மற்றவர்கள் கிளம்பியபின் நடுவரைத் தனியாகப் பிடித்தேன். வீட்டைக் கொடுப்பதாகச் சொன்னீர்களே சார் என்றேன். தனக்கு ஒன்றும் இல்லை என்றார், மனைவிக்குப் பூஜை புனஸ்காரம் இருக்கிறது என்றார், அக்கம்பக்கம் நாலு பேர் பேசுவார்கள் என்றார். இதற்கும் அமெரிக்காவுக்கும் என்ன சார் வித்தியாசம் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இன்னாம்மா பேசற நீ? அவனும் நாமளும் ஒண்ணா? அவன் சுடறான், கழுத்துல ஏறி மிதிக்கிறான். நாம யாரயாவது கை தொட்டு அடிச்சிருக்கோமா?"

தொட்டால்தானே அடிப்பதற்கு என்று வாய்வரை வந்தது. அவள் கேட்டில் காத்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் மனசு மாறுவார் என்று அவள் இன்னும் நம்பியதால், நான் வாயை மூடிக்கொண்டு படி இறங்கினேன். என் பேச்சு முழுக்க, சட்டம் ஒழுங்காக இருந்தால் இனவெறி தானாக ஒழியும் என்று எழுதி வைத்திருந்தேன். கீழ் போர்ஷன் பூட்டை எந்தச் சட்டம் திறக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவரவர் வீடு, அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தாக்கள், சங்கத்துத் தலைவர்கள், பட்டுப்புடவைகள். யாரோ போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்தார்கள். நான் என் பங்கைப் பேசினேன். என் வாயிலிருந்து வருகிறதே என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கைதட்டினார்கள்.

கடைசியாக அந்தப் பெண் எழுந்தாள். குழாயைச் சொன்னாள். பஸ்ஸில் பின்சீட்டைச் சொன்னாள். கறுப்பர்கள் இன்ன தெருவில்தான் இருக்கலாம், மற்ற இடத்தில் வீடு வாங்கவும் முடியாது, வாடகைக்கும் கிடைக்காது என்று இருந்ததைச் சொன்னாள். மண்டபம் அமைதியாகக் கேட்டது. அடுத்து நடுவர் கிண்டல். பேசிவைத்தது என்னவென்றால், நடுவர் வீட்டுக் காபியில் சர்க்கரையைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும் என்று அவள் சொல்வாள். சர்க்கரை எனக்கு உடம்பிலேயே இருக்கிறதும்மா என்று அவர் சொல்வார்.

"நடுவர் அவர்களே, உங்க வீட்டுக் காபி ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று ஆரம்பித்தாள். முன்வரிசை அப்போதே சிரிக்கத் தயாரானது. "அக்காவுக்கு எவர்சில்வர் டம்ளர்ல குடுத்தீங்க. எனக்குப் பேப்பர் கப்புல குடுத்தீங்க. அக்கா குடிச்ச டம்ளர கழுவி உள்ள வெச்சீங்க. நான் குடிச்ச கப்ப குப்பையில போட்டீங்க."

மண்டபமே கொல்லென்று சிரித்தது.

நான் ஆடிப்போய் உட்கார்ந்திருந்தேன். நடுவரின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. அப்புறம் பழகின வாய் அல்லவா, மைக்கை இழுத்து, உனக்குன்னே புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்தா அதுவும் குத்தமா, எனக்கு எங்க வீட்டுல ஆறிப்போன காபிதான் என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. பட்டுப்புடவைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள்.

"நான் சிரிக்கச் சொல்லல," என்றாள் அவள். "கீழ் போர்ஷன் காலியா இருக்குது. எங்கம்மாவுக்கு டயாலிசிஸ். குடுக்கறேன்னு சொன்னாங்க. காலனின்னு தெரிஞ்சதும் இல்லன்னுட்டாங்க."

காலனி என்ற சொல் காதில் விழுந்ததும் சில பேர் குனிந்து போனைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்குகிற மாதிரி இருந்தது. அடங்கியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. நடுவர் விடவில்லை. டிங் டிங் என்று மணியடித்து, பட்டிமன்ற மேடையையே புரோக்கர் ஆபீஸ் ஆக்கிட்டாங்கய்யா என்றார். அவ்வளவுதான், மறுபடி வெடித்தது. விட்டது தொல்லை என்று நிம்மதியாகச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ சிரிப்பை வாங்கியிருக்கிறேன், அத்தனையும் அன்றைக்கு எனக்குக் கசந்துபோனது. அவள் காத்திருந்து, சத்தம் குறைந்ததும், மிச்சம் இருந்த அமெரிக்காவைப் பேசி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தீர்ப்பில் அவர் யாரை ஜெயிக்க வைத்தார் என்கிறீர்கள்? அவள் அணியைத்தான். மனமே காரணம் என்றார். நம் ஊரையே பிரெஞ்சுக்காரன் பெரிய வாய்க்காலைப் போட்டு, அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் கறுப்பு என்று பிரித்து வைத்தானே என்றார். மகனின் கார்மேல் எவனோ துப்பியதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவளுக்குப் பொன்னாடை போர்த்தும்போது அது அவள் தோளில் சரியாக விழாமல் நழுவியது. அவர் சரிசெய்யவில்லை, அவளே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் அவள் அவரிடம் நேராகப் போய் வீட்டைக் கேட்டாள். அவமானத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவுக்காக இன்னொரு தடவை கேட்டாள்.

"இல்லம்மா, நீதான் அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டியே. இப்ப குடுத்தா நான் பயந்துகிட்டு குடுத்த மாதிரி ஆயிடாதா?" என்றார் நடுவர். ஏதோ தன் பக்கம்தான் நியாயம் என்பது போலச் சொன்னார். அப்புறம் அவள் முதுகைத் தட்டப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, "ஆனா அந்தப் பேப்பர் கப் ஜோக் பிரமாதமா எடுபட்டுச்சு. கடலூர்ல அடுத்த மாசம் இதே தலைப்புதான். அங்கயும் அதே எடத்துல சொல்லிடு," என்றார்.

த்தூ. அங்கேயே என் பொன்னாடையைக் கழற்றி அவர் நாற்காலிமேல் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். ஆளைப் பார்த்தால் ஒன்றும் புரியாத முகம். நல்லா இருந்த பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்று சங்கத்துச் செயலாளரிடம் கேட்டார். கடலூருக்கு நான் போகவில்லை. அவளும் போகவில்லை. வேறு யாரையோ வைத்து அந்த ஜோக்கைச் சொல்ல வைத்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடிப் போனோம். எங்கே போனாலும் எந்த ஊரு, எந்தப் பக்கம். நான் பக்கத்தில் நிற்கும்போது என்னைப் பார்த்துக் கேட்பார்கள், உங்களுக்குத்தானே என்று. அவளுக்கு என்றதும் யாரோ தங்கச்சி, யாரோ மச்சான் அந்த வீட்டுக்கு வருவதாக இருக்கும். அமெரிக்காவுக்குப் போன எல்லாப் பிள்ளைகளும் அந்த மாசமே திரும்பி வருகிறார்கள்போல.

போன மாசம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சிமென்ட் பெஞ்சில் மகள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் வாந்திக்கென்று ஒரு பிளாஸ்டிக் கவர். அவள் பஸ் பார்க்க எழுந்து போனதும் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொந்தக்காரர் யாரோ அந்த விழா வீடியோவை அனுப்பியிருக்கிறார்களாம். மகள் மேடையில் பேசுவதை முதல்தடவையாகப் பார்த்தேன் என்றார். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நல்லாத்தான் பேசிச்சு. ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. எம்பொண்ணு வீடு கேட்டதுக்காம்மா அத்தினி பேரும் சிரிக்கிறாங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"ஆமாம்மா," என்றேன். "அதுக்குத்தான் சிரிச்சாங்க."